வியாழக்கிழமை நின்ற மணி

நாற்காலியைக் காட்டியும் கனிமொழி உட்காரவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தாள். கீழே ஜெராக்ஸ் கடையில் யாருடைய போனோ சிணுங்க, அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தவள்போலத் திடுக்கிட்டுத் திரும்பினாள். அம்பத்தூர் ஓ.டி. பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் மாடி அலுவலகத்தில் ஒவ்வொரு சத்தத்துக்கும் திரும்பினால் கழுத்து என்னத்துக்கு ஆகும்?

"மணி அடிக்க மாட்டேங்குதுங்க" என்றாள்.

மேசைக்குப் பின்னால் இருந்த தேவிப்பிரியாவின் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. வாசலில் 'துப்பறியும் நிறுவனம்' என்று பலகை தொங்கினாலும் அவளுக்கு வரும் வேலை பெரும்பாலும் மாப்பிள்ளை விசாரணைதான். பையன் குடிப்பானா, சொன்ன கம்பெனியில்தான் வேலை செய்கிறானா என்று பெண்ணைப் பெற்றவர்கள் கேட்பார்கள். அவளுடைய உதவியாளன் கோபிக்கு அதில் பெரிய மனக்குறை. முன்பு உணவு டெலிவரி பைக் ஓட்டியவன், ஒரு கொலை கேஸாவது வராதா என்று நம்பி இங்கே சேர்ந்தவன். மணி அடிக்கவில்லை என்றதும் அவன் முகம் தொங்கிப்போயிற்று.

"எந்த மணி? முதல்ல இருந்து சொல்லுங்க" என்றாள் தேவிப்பிரியா.

கனிமொழி சொன்னாள். சொந்த ஊர் திண்டுக்கல். கணவன் லோகேஷுக்கு சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. விடியுமுன் போனால் பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் வருவான். அவள் கள்ளிக்குப்பத்தில் ஒரு வீட்டின் மாடியை வாடகைக்கு எடுத்து பிரியாணி செய்கிறாள். பெயர்ப்பலகையும் கிடையாது, மேசையும் கிடையாது. ஆன்லைனில் ஆர்டர் வரும், டெலிவரி பையன் வந்து வாங்கிப் போவான். ஆர்டர் ஆப் இருந்த போன் எண்ணெய்ச் சட்டியில் விழுந்து உயிரை விட்டதிலிருந்து எல்லாம் கம்ப்யூட்டரில்தான். பிரவுசரில் ஒரு டேப் எப்போதும் திறந்திருக்கும். ஆர்டர் வந்தால் மணி அடித்து, ஒரு பெண் குரல் 'புது ஆர்டர் வந்தாச்சு!' என்று கூவும்.

"இப்ப அந்தச் சத்தம் வரலைங்க. ஆர்டர் மட்டும் சத்தமில்லாம வந்து நிக்குது. நான் அடுப்புகிட்ட நிக்கிறேன், எனக்கு எப்படித் தெரியும்? பார்த்து எடுக்கிறதுக்குள்ள கேன்சல் ஆயிடுது. இன்னைக்கு ராத்திரிக்குள்ள இன்னும் ஒரு ஆர்டர் தவறினா கடையவே ஆப்ல இருந்து எடுத்துருவோம்னு டெலிவரி கம்பெனியில சொல்லிட்டாங்க. ஊர்ல இருந்த நகையெல்லாம் போட்டு ஆரம்பிச்சதுங்க. இது போச்சுன்னா நான் மறுபடி எந்திரிக்க மாட்டேன்."

"ஸ்பீக்கர் போயிருக்கும்மா" என்றான் கோபி, சுவாரசியமே இல்லாமல்.

"புது ஸ்பீக்கரே வாங்கிட்டேன். மெக்கானிக் வந்து சமையல் வீடியோ போட்டுக் காட்டினார், நல்லாக் கேட்குது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணியும் பார்த்தாச்சு. மணி மட்டும் அடிக்காது. யாரோ வேணும்னே செஞ்சிருக்காங்க. யாருன்னும் எனக்குத் தெரியும். பாபு."

இப்போது கோபி நிமிர்ந்து உட்கார்ந்தான்.

பாபு அவளிடம் வேலை பார்த்தவன். தம் போடுவதில் கைதேர்ந்தவன், கள்ளிக்குப்பத்துக்காரன். முந்தின வாரம் வியாழன்வரை ஓர் ஆர்டரும் தவறியதில்லை. வெள்ளிக்கிழமை பாபு சொல்லாமல் லீவு போட்டான். அன்றைக்குத்தான் வரிசையாக ஆர்டர் தவறியது. சனிக்கிழமை வந்தவனை அவள் வாசலிலேயே நிறுத்தித் திட்டி அனுப்பிவிட்டாள். மறுநாளே அவன் எதிர்த் தெரு சின்னசாமியின் பிரியாணிக் கடையில் கரண்டி பிடித்துக்கொண்டு நின்றான்.

"இதுக்கு மேல இன்னா மேடம் வேணும்? பார்ட்டி மாறிட்டான்" என்றான் கோபி.

"அவன்தான்னு எழுதிக் கொடுங்க. போலீஸ்ல புகார் கொடுக்கணும். இல்லாட்டி..." கனிமொழி குரலைத் தாழ்த்தினாள். "இன்னொருத்தர் மேலயும் சந்தேகம் இருக்குங்க. ஹவுஸ் ஓனர் உலகநாதன் ஐயா. கீழ் வீட்டுல இருக்கார். எங்க சாவி ஒண்ணு அவர்கிட்ட இருக்கு. மணிச் சத்தம் தாங்கலைன்னு எத்தனையோ தடவை மேல வந்து சண்டை போட்டிருக்கார். அப்படிப்பட்டவர் ஒரு வாரமா வெல்லமா உருகுறார். முருங்கைக்காய் கொடுத்து அனுப்புறார். என்னைப் பார்த்து 'நல்லா இரும்மா'ங்கிறார். இத்தனை வருஷத்துல ஒரு தடவை சொன்னதில்லை. செஞ்ச தப்பு உறுத்துதோ என்னமோ."

"போய்ப் பார்க்கலாம்" என்று தேவிப்பிரியா ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

கள்ளிக்குப்பம் வீட்டு வாசலில் சாமந்திப் பூக்கள் காய்ந்து சாக்கடை ஓரத்தில் ஒட்டிக் கிடந்தன. தார் ரோட்டில் பந்தல் கால் நட்ட குழிகள் இன்னும் மூடப்படவில்லை. முன்வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பெரியவர் ஒரு வாரத்துத் தாடியோடு உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். கனிமொழியைக் கண்டதும் தலையை அசைத்தார்.

மாடிப்படியில் தேவிப்பிரியா மெதுவாகக் கேட்டாள். "கீழே யார் தவறினது?"

"அவரோட சம்சாரம், அஞ்சலை அம்மா. போன வியாழக்கிழமை."

"நீங்க அதைச் சொல்லவே இல்லையே."

"அதுக்கும் மணிக்கும் என்ன சம்பந்தம்?" என்றபடி கனிமொழி அண்டாவைப் பார்க்க ஓடினாள். அவள் வெளியே போயிருந்த நேரத்துக்கு அடுப்பைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டுப் பெண் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

கம்ப்யூட்டர் தெருப் பக்கத்து ஜன்னலோரம் இருந்தது. ஜன்னலுக்கு நேர் கீழே அந்த முன்வாசல். தேவிப்பிரியா எட்டிப் பார்த்தபோது பெரியவரின் நரைத்த தலை கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோலத் தெரிந்தது. திரையில் டேப்கள் பஸ்ஸில் படிக்கட்டுப் பயணம் செய்பவர்கள் மாதிரி நெருக்கிக்கொண்டு நின்றன. மூடினால் திரும்ப வராதோ என்ற பயத்தில் கனிமொழி எதையும் மூடுவதில்லையாம். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாலும் அத்தனையும் அப்படியே வந்து நின்றுவிடும்.

"கோபி, உன் போன்ல இருந்து ஒரு பிரியாணி ஆர்டர் பண்ணு."

கோபி சந்தோஷமாகச் செய்தான். சற்று நேரத்தில் திரையில் ஆர்டர் வந்து விழுந்தது. சத்தமே இல்லை. ஆனால் அந்த டேப்பின் ஓரத்தில் குறுக்கே கோடு போட்ட சின்ன ஸ்பீக்கர் படம் ஒன்று முளைத்து, சில நொடியில் மறைந்துபோனது. தவறிவிடாமல் தேவிப்பிரியா அந்த ஆர்டரை ஏற்றுக்கொண்டாள்.

"பார்த்தியா? மணி அடிச்சுக்கிட்டுதான் இருக்கு. அந்த டேப்போட வாயை யாரோ பொத்தி வெச்சிருக்காங்க. சத்தம் வர்ற நேரத்துக்கு மட்டும்தான் அந்தப் படம் தெரியும். அடுப்புகிட்ட நிக்கிறவங்க கண்ணுல எப்படிப் படும்?"

அவள் அந்த டேப்பின் மேல் ரைட் கிளிக் செய்தாள். 'இந்தத் தளத்தின் ஒலியை மீண்டும் இயக்கு' என்று ஒரு வரி வந்தது. அதைத் தொடாமல் பக்கத்து டேப்பில் செய்தாள். அதிலும் அதே வரி. மொத்தம் மூன்று தளங்கள் ஊமையாக்கப்பட்டிருந்தன. மெக்கானிக் போட்ட சமையல் வீடியோ டேப் மட்டும் வாய் திறந்தபடி இருந்தது.

"ஆர்டர் டேப் ஒண்ணு. இன்னொண்ணு பக்திப் பாட்டு. மூணாவதா இது யாரோடது?"

"பாட்டு காலையில அடுப்பு பத்த வைக்கும்போது போடுவோம். கீழ சாவு விழுந்ததுல இருந்து போடலை. அது கிரிக்கெட். பாபு கேட்கிறது. வர்ணனையைப் போட்டுட்டுதான் வெங்காயமே நறுக்குவான். நிறுத்துடான்னா காதுல வாங்க மாட்டான்."

தேவிப்பிரியாவின் விரல் மவுஸின் மேல் சும்மா நின்றது.

"மேடம், ஒரே அமுக்கு, மணி அடிச்சிடும். போடுங்க" என்று கோபி துடித்தான்.

"இரு. நீ இங்கேயே உட்கார். திரையை விட்டுக் கண்ணை எடுக்காதே. ஆர்டர் வந்தா குரல் கொடு."

"நான் இன்னா மணியா மேடம்?"

"கொஞ்ச நேரத்துக்கு நீதான் மணி."

கோபி முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தான். சாயங்கால ஆர்டர்கள் தொடங்கின. அவன் "வந்துகீது!" என்று கத்துவதும், கனிமொழி பொட்டலம் கட்டுவதும், படியில் டெலிவரி பையன் தடதடவென்று ஏறுவதுமாக இருந்தது. அடுப்பு ஒரு பக்கம், பார்சல் ஒரு பக்கம் என்று அவள் ஒற்றைக் காலில் ஆடினாள். ஒவ்வொரு தடவையும் ஜன்னல் பக்கம் பார்த்துப் பார்த்து அவளுக்குக் கண்ணே நொந்துவிட்டது. ஆனால் ஓர் ஆர்டரும் தவறவில்லை.

தேவிப்பிரியா சுவரில் சாய்ந்து அதையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"வியாழக்கிழமை மணி அடிச்சுதா?"

"அன்னைக்கு ஒரு ஆர்டரும் தவறலைங்க."

"நான் அதைக் கேட்கலை. மணி அடிச்சுதா?"

கனிமொழியின் கை கரண்டியோடு நின்றது. "நான்... கீழ இருந்தேன். சாவு வீட்டுல பொம்பளைங்களோட உட்கார்ந்திருந்தேன். பாபுதான் மேல பார்த்துக்கிட்டான்."

"அப்போ கீழே பிணம் கிடக்கும்போது மேலே அடுப்பு எரிஞ்சுது."

அந்தத் தெருவில் சாவு விழுந்தால் பாடையைத் தூக்கும்வரை யார் வீட்டிலும் உலை வைக்க மாட்டார்கள். பிழைக்க வந்தவர்களுக்கும் அது தெரியாமல் இல்லை. கனிமொழியின் முகம் அடுப்பு வெக்கையையும் மீறிச் சிவந்தது. அவள்மேல் கோபப்படவும் முடியாது, பாவமாகத்தான் இருக்கிறது. கடையை ஒருநாள் மூடினால் அடுத்த நாளே பட்டியலில் பின்னால் தள்ளிவிடும் தொழில் அது.

"மூடினா ரேட்டிங் போயிடுங்க" என்றாள் தரையைப் பார்த்து. "பாபு வேண்டாம்னான். 'அக்கா, இன்னிக்கி ஒரு நாள் வுட்டுடலாம்'னான். நான்தான் சத்தமில்லாம செய்யலாம்னேன். கீழ போய் உட்கார்ந்தேன். ஒப்பாரி வைக்கிறாங்க, மேல இருந்து 'புது ஆர்டர் வந்தாச்சு'ன்னு அது கூவுது. எல்லாரும் மேல பார்த்தாங்க. எனக்கு உசுரே போயிடுச்சு. எழுந்து வரவும் முடியலை."

"அதுக்கப்புறம் எத்தனை தடவை கூவிச்சு?"

கனிமொழி யோசித்தாள். நெற்றியைச் சுருக்கி, அந்தப் பந்தலுக்குள் மறுபடி போய் உட்கார்ந்து கேட்பவள்போல யோசித்தாள்.

"கேட்கலை... மேளம் வந்துடுச்சு, அதனால கேட்கலைன்னு நெனச்சேன்."

தேவிப்பிரியா அவளிடம் பாபுவின் எண்ணை வாங்கி, போனில் அழைத்தபடியே படியிறங்கினாள். திரும்பி வரும்போது அவளோடு உலகநாதன் வந்தார். கைப்பிடியைப் பிடித்து, படிக்குப் படி மூச்சு வாங்கி ஏறினார். சிறிது நேரத்தில் வாசலில் ஒரு டி.வி.எஸ். வண்டி நின்றது. முப்பத்தைந்து வயதுக்காரன் ஒருவன், தோளில் துண்டோடு படியேறி வந்து, உள்ளே வராமல் நிலைப்படியிலேயே நின்றான்.

"நான் உள்ள வரல. நான்தான் திருடனாச்சே" என்றான் பாபு.

"உள்ளே வாங்க. திருடனை இங்கே யாரும் தேடலை" என்றாள் தேவிப்பிரியா.

கோபிக்குத் தாங்கவில்லை. "மேடம், சாவி வெச்சிருக்கறவர் ஐயா. கடை மாறினவன் இவன். ரெண்டு பேர்ல யார்னு ஒடச்சு சொல்லிடுங்க, எனக்கு மண்ட வெடிக்குது."

"நீ திரையைப் பார்" என்றாள் அவள். பிறகு கனிமொழியின் பக்கம் திரும்பினாள். அவள் குரல் எப்போதும்போல நிதானமாக இருந்தது.

"உங்களைக் கெடுக்க நினைக்கிறவன் ஆர்டர் மணியை மட்டும்தான் நிறுத்துவான். பக்திப் பாட்டை நிறுத்தி அவனுக்கு என்ன லாபம்? கிரிக்கெட்டை எதுக்கு நிறுத்தணும்? இதைச் செஞ்சவருக்கு உங்க வியாபாரத்து மேல கண் இல்லை. இந்த ஜன்னல்ல இருந்து ஒரு சத்தமும் கீழே போகக் கூடாது, அவ்வளவுதான் அவர் நினைச்சது. ஒரு வீட்டுல அப்படி எப்போ நினைப்பாங்க?"

தம் போட்ட அண்டாவின் மூடி மெல்லக் கடகடத்தது.

"வெள்ளிக்கிழமை ஆர்டர் தவறினதால மணி வெள்ளிக்கிழமைதான் நின்னுச்சுன்னு நீங்க நெனச்சீங்க. மணி நின்னது வியாழக்கிழமை. ஆர்டர் தவறலையேன்னு கேட்பீங்க. இப்பவும்தான் மணி அடிக்கலை. இப்போ ஒரு ஆர்டராவது தவறிச்சா? ஏன்னா கோபி உட்கார்ந்து கண்ணால பார்க்கிறான். வியாழக்கிழமையும் ஒருத்தர் மணியை நிறுத்திட்டு, அடுப்புக்கும் திரைக்குமா ஓடி, நாள் பூரா கண்ணால பார்த்திருக்கார். ஐயா சம்சாரத்தோட தலைமாட்டை விட்டு நகரலை. நீங்க கீழே இருந்தீங்க. மேலே இருந்தது ஒரே ஆள்."

எல்லோரும் பாபுவைப் பார்த்தார்கள். அவன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"ஒண்ண அமுக்குனா இன்னொண்ணு கத்துது மேடம்" என்றான். "மொதல்ல மணி. அத அமுக்குனேன். அப்பால பாத்தா பாட்டு டேப்புல வெளம்பரம் ஓடுது, எவளோ சிரிக்கிறா. அதயும் அமுக்குனேன். கடைசில கிரிக்கெட்டு. ஸ்பீக்கர் ஒயர புடுங்கிடலாம்னா அது ஃப்ரீசருக்குப் பின்னாடி கீது, ஒத்த ஆளா நவுத்த முடியாது. எம் பொண்ணு படிக்கறப்ப வெளம்பரம் கத்துனா இப்புடித்தான் அமுக்குவா, பாத்துக்கீறேன்."

"திரும்ப ஏன் எடுக்கலை?"

"ராத்திரி கம்ப்யூட்டர ஆஃப் பண்ணிட்டேனே! ஆஃப் பண்ணி ஆன் பண்ணா எல்லாம் சரியாயிடும்னு தானே எல்லாரும் சொல்றாங்க."

உலகம் முழுக்க நம்பும் வைத்தியம் அது. மிக்சிக்கும் போனுக்கும் பலிக்கிறது. ஆனால் பிரவுசர் அந்தத் தளத்தையே ஊமையென்று நினைவில் வைத்துக்கொள்ளும். எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் மறக்காது.

"வெள்ளிக்கிழமை ஏன் வரலை?" என்று கனிமொழி கேட்டாள். அவள் குரல் அடங்கிப்போயிருந்தது.

"பால் ஊத்தறதுக்குப் போனேன்க்கா. அஞ்சலம்மா எங்க அம்மாவுக்கு சமானம். சுடுகாட்டுல நின்னுகினு உனுக்கு போன் பண்றதா? சனிக்கிழம சொல்லலாம்னு வந்தேன். வாய தொறக்கறதுக்குள்ள 'எவ்ளோ வாங்கின'ன்னு கேட்ட. அந்த ஒரு வார்த்தைக்கு அப்பால நான் இன்னாத்த சொல்றது?"

உலகநாதன் தொண்டையைச் செருமினார்.

"மணி நின்னுது. நான் கேட்டுகினுதான் இருந்தேன். அவள குளிப்பாட்டறப்ப அது கத்துச்சு. அவ மொகத்தப் பாத்தேன், எனக்கு வவுறு எரிஞ்சிச்சு. மேல போயி ஒடச்சிப் போட்டுடலாம்னு தோணுச்சு. அப்பால சட்டுனு நின்னுடுச்சு. தூக்கற வரைக்கும் ஒரு சத்தம் இல்ல." அவர் கனிமொழியைப் பார்த்தார். "நீதான் ஆள் அனுப்பி நிறுத்தனேன்னு நெனச்சேம்மா. வெளியூரு பொண்ணு, இருந்தாலும் நம்ம ஊட்டுத் துக்கத்த தெரிஞ்சிகினு செஞ்சிதேன்னு... ஒன்ன காலி பண்ணச் சொல்லணும்னு இருந்தேன். அன்னியோட அந்த நெனப்ப வுட்டுட்டேன்."

முருங்கைக்காய் எதற்கு வந்தது என்று கோபிக்கு அப்போதுதான் புரிந்தது. அவன் திரையைப் பார்ப்பதை மறந்துபோனான்.

அந்தப் பாராட்டை அப்படியே வைத்துக்கொண்டிருக்கலாம். யாரும் கேட்கப் போவதில்லை. வீடும் தங்கும், கடையும் தங்கும். கனிமொழி முந்தானையால் கையைத் துடைத்தாள். துடைத்த கையை மறுபடியும் துடைத்தாள்.

"நான் நிறுத்தலைங்கய்யா" என்றாள். "பாபுதான். கடையை மூடலாம்னு சொன்னதும் அவன்தான். மூட வேண்டாம்னது நான். உங்க வீட்டுல அம்மா கிடக்கும்போது மேல அடுப்பை எரிய விட்டது நான்தான்."

சொல்லிவிட்டு அழுதுவிட்டாள். பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"தெரியும்மா" என்றார். "பிரியாணி வாசன கீழ வராதா? மணிய மட்டுமாச்சும் நிறுத்தனியேன்னு நெனச்சிகினு இருந்தேன்." பிறகு பாபுவின் தோளில் கையை வைத்தார். "நீயா நைனா?"

பாபு தலையைக் குனிந்துகொண்டான். கனிமொழி அவன் பக்கம் திரும்பினாள். "பாபு, நான் கேட்ட வார்த்தைக்கு..."

"அத அப்பால பாத்துக்கலாம். மொதல்ல அண்டாவப் பாருக்கா, அடி புடிக்குது!" என்று அவன் பாய்ந்து அடுப்பைக் குறைத்தான்.

தேவிப்பிரியா குனிந்து மவுஸைப் பிடித்து அந்த ஒரு வரியை அழுத்தினாள். அதற்கென்றே காத்திருந்தது மாதிரி மணி அடித்தது. அறை அதிர, அந்தப் பெண் குரல் கூவியது.

"புது ஆர்டர் வந்தாச்சு!"

கனிமொழி பதறிப்போய் ஸ்பீக்கரைக் கையால் பொத்தினாள். கீழே இன்னும் காரியம்கூட முடியவில்லை. பெரியவரின் முகத்தைப் பார்க்கத் துணியாமல் அப்படியே நின்றாள்.

உலகநாதன் அவள் கையை மெல்ல எடுத்துவிட்டார்.

"வுடும்மா, அடிக்கட்டும். அன்னிக்கித்தான் கூடாது" என்று சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கத் தொடங்கினார்.

மணி மறுபடியும் அடித்தது. பாபு கரண்டியோடு, "எத்தினி பிளேட்டுன்னு பாத்து சொல்லுக்கா" என்றான். கனிமொழி நாற்காலியை இழுத்துப் போட்டு, அன்றைக்கு முதல் தடவையாக உட்கார்ந்தாள்.